சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு முதல் முறை போகிறவர்களும், அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும், அவர்களை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தூரத்துக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். நேரத்துக்கு அப்படி முடியாது. விமானம் வானத்தில் இருக்கும் நேரம் ஒன்று, டிக்கெட் கணக்கில் வரும் நேரம் ஒன்று, வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அந்த ஊர் வீட்டில் செருப்பைக் கழற்றும் வரை ஆகும் நேரம் ஒன்று. இந்த மூன்றையும் கலந்துகொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை வான்வழியில் சுமார் 2,920 கி.மீ. மைலில் சொன்னால் ஏறத்தாழ 1,815. விமானிகள் கணக்குப் போடுவது கடல் மைலில். அதில் 1,580-ஐ ஒட்டி வரும். சென்னை – டெல்லி வான்வழித் தூரம் சுமார் 1,760 கி.மீ.தான். டெல்லிக்குப் போய் இறங்கும் நேரத்தில் சிங்கப்பூர் விமானம் பாதி வழியைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு தளத்தில் 2,910 என்கிறார்கள், இன்னொன்றில் 2,925, வேறொன்றில் 3,000-க்கு மேல். எது சரி?

எல்லாமே அவரவர் கணக்கில் சரி. சிலர் நகரின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கிறார்கள். அப்படி அளந்தால் 2,910 வரும். ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு அளந்தால் பத்துப் பதினைந்து கி.மீ. கூடும். பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்வதா, துருவத்தில் கொஞ்சம் தட்டையானதாக எடுத்துக்கொள்வதா என்பதிலும் சில கி.மீ. மாறும்.

3,000-ஐத் தாண்டும் கணக்கு பெரும்பாலும் விமானம் உண்மையில் பறந்த பாதையின் நீளம். வானத்திலும் வரையறுத்த வழிகள் உண்டு. புறப்படும்போது ஒரு வளைவு, இறங்கும் முன் வரிசையில் நிற்க ஒரு வளைவு, நடுவில் இடிமேகம் இருந்தால் ஒதுங்கிப் போக ஒரு வளைவு. இதெல்லாம் சேர்ந்தால் நூறு கி.மீ. கூடுவது சாதாரணம்.

இன்னொரு சந்தேகமும் வரும்: தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் தூரம் தப்பாக வருமா? சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கோடு போட்டால் பெரிய தப்பு வரும். சிங்கப்பூருக்கு வராது. இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் சில கி.மீ.தான்.

நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம்?

டிக்கெட் கணக்கில் போகும்போது நாலேகால் முதல் நாலேமுக்கால் மணி நேரம். வானத்தில் இருப்பது நாலு மணிக்கும் கொஞ்சம் குறைவு.

இடைவெளி எங்கே போகிறது என்று பார்க்கலாம். விமான நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியில் தொடங்கி, அந்த ஊர் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும் நொடியில் முடிகிறது. சக்கரம் தரையை விட்டு எழும்புவது அதற்கு அப்புறம்தான். ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 850 கி.மீ. வேகத்தில் போகும். 2,920 கி.மீ.க்கு அது மூன்றரை மணி நேரத்துக்குள். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. அதற்கு ஒரு இருபது நிமிடம். மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருக்க, கால் மணி நேரம். சாங்கியில் இறங்கியபின் ஊர்ந்து வர இன்னொரு பத்து நிமிடம். மொத்தம் நாலேகால் ஆயிற்றா? அதற்கு மேல் இருப்பது நிறுவனம் கையில் வைத்துக்கொள்ளும் கூடுதல் நேரம். அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம்கூடச் சில நாள் சரியான நேரத்துக்கு இறங்குவது இந்தக் கையிருப்பால்தான். விமானி விரட்டி ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம்.

டிக்கெட்டில் இரவு 11:15-க்குப் புறப்பாடு, காலை 6:15-க்கு வருகை என்று இருக்கிறது. அப்படியானால் ஏழு மணி நேரமா?

இல்லை, நாலரை மணி நேரம்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறது. 11:15-உடன் நாலரையைக் கூட்டினால் நம் நேரப்படி 3:45. அதோடு இரண்டரை சேர்த்தால் 6:15.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. இரவு 8 மணிக்குச் சாங்கியில் ஏறி 9:40-க்கெல்லாம் சென்னையில் இறங்கலாம். டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு ஒரு மணி நாற்பது நிமிடத்தில் பறந்து வந்த மாதிரி இருக்கும். கணக்கு எளிது: போகும்போது இரண்டரையைக் கழிக்கவும், வரும்போது கூட்டவும்.

இரண்டரை மணி நேரம் என்று அரை மணி எங்கிருந்து வந்தது?

அரை மணி நம்முடையது. இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது, சிங்கப்பூர் எட்டு மணி நேரம். ஆனால் இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இரண்டரை மணி நேரம் கிடையாது. தீர்க்கரேகையில் இரண்டுக்கும் இடையே சுமார் இருபத்துமூன்றரை பாகை. பாகைக்கு நாலு நிமிடம் என்று வைத்தால் ஒரு மணி 34 நிமிடம்தான் வருகிறது. மிச்சம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மனிதர்கள் வைத்துக்கொண்டது.

1981 கடைசி வரை சிங்கப்பூர் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரமே முந்தியிருந்தது. நமக்கும் அதற்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். மலேசியா தன் தீபகற்பப் பகுதியின் நேரத்தை, கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் இருக்கும் தன் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. 1982 ஜனவரி 1 முதல் இப்போதைய நேரம்.

இது சும்மா தகவல் இல்லை, அங்கே இறங்கியதும் கண்ணில் படும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. 6:15-க்கு இறங்குகிறவர் வெளியே கும்மிருட்டைப் பார்த்துவிட்டு, நேரத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று போனைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். நேரம் சரிதான். அந்த ஊர்க் கடிகாரம்தான் சூரியனை முந்திக்கொண்டு ஓடுகிறது.

போகும்போது நாலரை, வரும்போது நாலு அல்லது நாலேகால். ஏன் திரும்பும் பயணம் குறைவு?

முக்கியமாகக் காற்று. பொதுவாக நாம் படித்திருப்பது, மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும், அதனால் கிழக்கே பறந்தால் சீக்கிரம் போகலாம் என்று. லண்டன் – நியூயார்க் போன்ற வடக்கத்திப் பாதைகளுக்கு அது பொருந்தும். நம் பக்கம் கதை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்று ஓட்டம் என்பார்கள். அதை 1958-இல் விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம்.

அதன் நடுப்பகுதி 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் இருக்கும். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கி.மீ. உயரத்தில். ஆகவே முழு வேகமும் படாது, அடிப்பகுதி படும். சென்னைக்கு வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். சிங்கப்பூர் போகும் விமானத்தை முன்னாலிருந்து தடுக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் சிங்கப்பூர் நம்மைவிட்டு விலகி ஓடுகிறது, அதனால்தான் நேரம் கூடுகிறது என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர்?

பக்கத்து வீட்டுக்காரரைக் கோபிக்க வேண்டாம், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுழல்கிறது, அதற்குள்தான் விமானமும் பறக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் பெட்டியின் நீளம் ஒன்றுதானே. கணக்கில் வருவது காற்று மட்டும்தான்.

விமானம் எந்த வழியாகப் போகிறது? கீழே என்ன தெரியும்?

சென்னையை விட்டால் உடனே வங்காள விரிகுடா. தென்கிழக்கே ஏறக்குறைய 1,600 கி.மீ.க்கு வெறும் கடல்தான். அப்புறம் நிக்கோபார் தீவுகளின் தென்கோடி. நேர்க்கோடு போட்டால் அது இந்தியாவின் தெற்கு முனையான இந்திரா முனைக்குச் சற்றுத் தெற்கே செல்கிறது. 2004 சுனாமியின்போது நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் புகுந்த இடம் அது. அடுத்து சுமத்ராவின் வடமுனையில் பண்டா ஆச்சே. அங்கிருந்து மலாக்கா நீரிணையை ஒட்டியே கீழே இறங்குகிறது கோடு. உண்மையில் பறக்கும் வழி அன்றன்றைக்குக் கொஞ்சம் மாறும். பினாங்குப் பக்கம் மலேசியாவுக்குள் நுழைந்து தெற்கே வருவதும் உண்டு.

பகல் விமானம் என்றால் வலப்பக்க ஜன்னலில் சுமத்ரா, இடப்பக்கத்தில் மலேசியா. மேகம் விட்டுவைத்தால்தான். கடைசிப் பத்து நிமிடம் எந்தப் பக்கமானாலும் நன்றாக இருக்கும்: தெற்கிலிருந்து இறங்கும் நாட்களில் சிங்கப்பூர் நீரிணையில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள், சரக்குப் பெட்டிகளை அடுக்கியவையும் எண்ணெய்க் கப்பல்களுமாக, எண்ணி மாளாது. இரவில் ஒவ்வொன்றிலும் விளக்கு எரியும்.

பெரிய விமானத்தில் சீக்கிரம் போய்விடலாமா?

கொஞ்சம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். ஏ320 வகை 78 சதவீதம். இந்தத் தூரத்துக்கு வித்தியாசம் கால் மணி நேரம். பெரிய விமானத்திலிருந்து முந்நூறு பேர் இறங்கிக் குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசையில் நிற்பதில் அந்தக் கால் மணி போய்விடும். கால் நீட்ட இடம், சாப்பாடு, பெட்டி எடை இவற்றைப் பார்த்து டிக்கெட் எடுங்கள், வேகத்தைப் பார்த்து வேண்டாம்.

திருச்சி, மதுரை, கோவையிலிருந்து எவ்வளவு?

திருச்சியிலிருந்து சுமார் 2,980 கி.மீ., மதுரையிலிருந்து 3,015, கோவையிலிருந்து 3,160. பறக்கும் நேரத்தில் சென்னையைவிட ஐந்து முதல் இருபது நிமிடம்தான் அதிகம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடிக்காரர்கள் சென்னைக்கு ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் வந்து விமானம் ஏறுவதில் அர்த்தமே இல்லை; திருச்சியிலேயே ஏறிவிடலாம். டிக்கெட் ஆயிரம், இரண்டாயிரம் கூடினாலும் பஸ் காசும் அலைச்சலும் மிச்சம். எந்த ஊரிலிருந்து எந்தக் கிழமை நேரடி விமானம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அதை மட்டும் பயணத் தேதிக்குப் பார்த்துக்கொள்ளவும்.

கொழும்பு அல்லது கோலாலம்பூர் வழியாகப் போனால் மலிவாக இருக்கிறதே?

கோலாலம்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 300. தூரம் கூடவில்லை, நேரம்தான் கூடும். மாறும் விமானத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தாலே மொத்தம் ஏழு, எட்டு மணி ஆகிவிடும். கொழும்பு வழி என்றால் முதலில் தெற்கே 650 கி.மீ., பிறகு 2,750. நேர்வழியைவிட ஐந்நூறு கி.மீ. கிட்ட அதிகம்.

ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பயமில்லை. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும் என்றால் அந்த நாட்டு விசா விதியும் குறுக்கே வரும். இரண்டாயிரம் ரூபாய்க்காக வயதானவர்களை இப்படி அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையே மூழ்கி விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். அந்த மாதங்களில் கல்யாணம், நேர்முகத் தேர்வு என்று தள்ளிப்போட முடியாத காரியமாகப் போகிறவர்கள் ஒரு நாள் முன்கூட்டியே போய்விடுவது நல்லது.

சிங்கப்பூர்ப் பக்கம் வேறு ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னால், மலாக்கா நீரிணையில் உருவாகும் இடிமழை ஒரு கோடாகத் திரண்டு கிழக்கே வரும். அங்கே அதை ‘சுமத்ரா’ என்றே சொல்வார்கள். பலத்த காற்றோடு ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். நம் இரவு விமானங்கள் போய்ச் சேருவதும் அந்த நேரம்தான். அப்படிப்பட்ட நாளில் விமானம் சாங்கிக்கு வெளியே கொஞ்ச நேரம் வட்டமடிக்கும். குலுக்கலும் இருக்கும். தூங்கும்போதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே தூங்குங்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மருக்கு மேலே திடீரெனக் குலுங்கி, ஒருவர் இறந்து, பலர் காயம்பட்டு, பாங்காக்கில் இறக்க வேண்டியதாயிற்று.

15-ஆம் தேதி 00:40-க்கு விமானம். என்றைக்கு ஏர்போர்ட் போக வேண்டும்?

14-ஆம் தேதி இரவு. திரும்பச் சொல்கிறேன்: 14-ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். வீட்டுக் காலண்டரில் 14-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம்?

ஒன்பது முதல் பத்து மணி நேரம். தாம்பரத்திலிருந்து லிட்டில் இந்தியா போகிறவரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி, போக்குவரத்து நெரிசலைச் சேர்த்து. மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பெட்டி போடும் கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும் என்பதால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம் நாலரை மணி விமானம். சாங்கியில் குடிநுழைவும் பெட்டியும் சேர்ந்து முக்கால் மணி. அங்கிருந்து எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணியை ஒட்டி. கூட்டிப் பாருங்கள்.

இதில் குறைக்கக்கூடிய இடம் சாங்கிதான். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து இணையத்தில் நிரப்பலாம். அது இலவசம். தேடும்போது முதலில் வந்து நின்று கட்டணம் கேட்கும் தளங்கள் அரசாங்கத் தளம் அல்ல. விசா வேறு, இந்த அட்டை வேறு. இந்தியர்களுக்கு இரண்டும் வேண்டும்.

இரவு விமானத்தில் தூங்க முடியுமா?

இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏறி அரை மணி கழித்துச் சாப்பாட்டு வண்டி வரும், தட்டைத் திரும்ப வாங்கி விளக்கை அணைக்க மேலும் ஒரு மணி நேரம். இறங்குவதற்கு முக்கால் மணி முன்னால் மறுபடி விளக்கைப் போட்டுவிடுவார்கள். தூக்கம் முக்கியம் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, என்னை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிக் கண்ணை மூடிவிடுங்கள்.

முன்பெல்லாம் கப்பலில் எத்தனை நாள் ஆகும்?

சுமார் ஒரு வாரம். 1926-இல் கட்டிய ரஜுலா என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. 1970-களில்தான் ஓய்வு பெற்றது. பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சென்னை வரும் வழியில் அது தீப்பிடித்தது, அதோடு அந்தப் பயணிகள் சேவையும் நின்றுபோனது. பெரியவர்கள் ‘கப்பல் ஏறிப் போனவர்’ என்று சொன்னால் அது பெரும்பாலும் இந்தக் கப்பல்கள்தான்.

சாங்கியில் அழைக்க வருகிறவர் எத்தனை மணிக்கு வாசலில் நிற்கலாம்?

இறங்கும் நேரத்திலிருந்து 45 நிமிடம் கழித்து. முதல் முறை வருகிறவர், வயதானவர், சக்கர நாற்காலி கேட்டிருப்பவர் என்றால் ஒரு மணி நேரம். விமான எண்ணைப் போட்டால் எப்போது இறங்கியது என்று போனிலேயே தெரிந்துவிடும். எந்த டெர்மினல் என்று மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; சாங்கியில் நான்கு இருக்கின்றன, நாலாவது மற்ற மூன்றையும் விட்டுத் தள்ளி இருக்கிறது.